ஒருசாலை மாணாக்கரும் முன்னாள் மாணவர் சங்கமும்: ‘கடன்’ என்னும் கருத்துவழி ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரிகளின் முன்னாள் மாணவர் சங்கங்கள் பெயரளவில் பெருகியுள்ளன. எனினும் அவற்றுட் பல ஆண்டுக்கொருமுறை கூடிக் கலையும் நிலையிலேயே உள்ளன. பயின்று சென்றோர்க்குத் தமிழ் இலக்கண மரபு ஒரு வரையறுத்த கடமையை வகுத்திருந்தது. சிறப்புப்பாயிரம் உரைக்கும் உரிமையே அது. அம்மரபையும், கும்பகோணம், வட்டுக்கோட்டை ஆகிய ஈரிடங்களில் 19ஆம் நூற்றாண்டில் முன்னாள் மாணாக்கர் ஆற்றிய பணியையும் ஒருங்கு வைத்து நோக்கி, இன்றைய கல்லூரித் தமிழ்த்துறை தன் மாணாக்கர் தொடர்பை எவ்வாறு அமைத்துக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒருசாலை மாணாக்கர், சிறப்புப்பாயிரம், முன்னாள் மாணவர் சங்கம், தியாகராச செட்டியார், வட்டுக்கோட்டைச் செமினரி, பதிவேடு.

1. முன்னுரை

தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றளிப்புக் குழு (நாக்) உயர்கல்வி நிறுவனங்களை ஏழு அளவுகோல்களால் மதிப்பிடுகிறது. மாணவர் ஆதரவும் முன்னேற்றமும் என்னும் ஐந்தாம் அளவுகோலின்கீழ் முன்னாள் மாணவர் ஈடுபாடு தனிக்கூறாக இடம்பெறுகிறது. பதிவுபெற்ற சங்கம் உள்ளதா, அது பொருளாலோ பிறவகையாலோ நிறுவனத்திற்குத் துணைநின்றுள்ளதா என்பன அங்கு வினவப்படுகின்றன. இவ்வினாக்கள் நியாயமானவை. ஆனால் இவற்றுக்கு விடை தேடும் முறையில் ஒரு திரிபு நேர்ந்துள்ளது. பொருளுதவியைப் பற்றுச்சீட்டால் எளிதிற் காட்டலாம். பிற உதவியைக் காட்டுவது அரிது. ஆகவே கல்லூரிகள் எளிதிற் காட்டத்தக்கதையே நாடுகின்றன. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்த சான்றிதழ், ஆண்டுக்கூட்டத்தின் ஒளிப்படம், நன்கொடைப் பட்டியல் ஆகிய மூன்றும் கோப்பில் இருந்தால் சங்கம் இயங்குகிறது என்று கொள்ளப்படுகிறது.

நன்கொடையை மையமாகக் கொண்ட இவ்வமைப்பு, தமிழ்த்துறையைப் பொறுத்தவரை தொடக்கத்திலேயே பொருந்தாமற் போகிறது. தமிழ் பயின்று செல்வோர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர், கல்லூரி ஆசிரியர், இதழாளர், மெய்ப்புத் திருத்துநர், அரசு அலுவலர் ஆகிய பணிகளில் அமைகின்றனர். கட்டடம் எழுப்பித்தரும் வசதி அவர்களிடம் குறைவு. எனவே கல்லூரியின் சங்கத்தில் அவர்கள் பார்வையாளராகவே அமர நேர்கிறது. பணம் கேட்கப்படும் கூட்டத்துக்குப் பணம் இல்லாதவர் இரண்டாம் முறை வருவதில்லை. பயின்று சென்றவரிடம் எதைக் கேட்பது என்பதே ஒரு சங்கத்தின் உயிர்நிலை வினா. அதற்குத் தமிழ் மரபு தந்துள்ள விடை கவனத்துக்குரியது.

2. சொற்களும் அவற்றின் நோக்கும்

ஆங்கிலவழி உலகெங்கும் வழங்கும் ‘அலும்னி’ என்னும் சொல் இலத்தீன் மொழியில் ஊட்டி வளர்த்தலைக் குறிக்கும் வினையடியிற் பிறந்தது. வளர்க்கப்பட்ட பிள்ளை என்பது அதன் முதற்பொருள். கல்வி நிறுவனத்தைத் தாயாக உருவகிக்கும் அவ்வழக்கில் பிள்ளைக்கும் தாய்க்கும் உள்ள உறவே முதன்மை பெறுகிறது. தமிழகத்தில் ‘முன்னாள் மாணவர்’ என்றும், ஈழத்தில் ‘பழைய மாணவர்’ என்றும் வழங்குவன இரண்டும் காலத்தைச் சுட்டுவன. ஒருவர் மாணவராக இருந்த காலம் கழிந்தது என்பதற்கு மேல் அவை எதுவும் கூறுவதில்லை.

‘ஒருசாலை மாணாக்கர்’ என்னும் பழைய உரைவழக்கு இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. சாலை என்பது ஈண்டுக் கல்விச்சாலை. ஒரே சாலையில் உடன் பயின்றோர் என்னும் இச்சொல்லில் நிறுவனத்தோடு கொண்ட உறவு பின்னிற்க, மாணாக்கர் தமக்குள் கொண்ட உறவு முன்னிற்கிறது. சாலையை விட்டு நீங்கிய பின்னும் ஒருவர் மற்றவர்க்கு ஒருசாலை மாணாக்கரே. அவ்வுறவுக்கு ‘முன்னாள்’ என்னும் அடை பொருந்தாது. கல்லூரிகள் தம்மோடு மாணாக்கர் கொள்ளும் தொடர்பையே வளர்க்க முனைகின்றன. மாணாக்கர் ஒருவரோடொருவர் கொள்ளும் தொடர்பே முதலில் வலுப்பெற வேண்டும் என்னும் குறிப்பு இச்சொல்லில் உள்ளது.

3. பாயிரம் உரைக்கும் உரிமை

ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் உரைத்தற்கு உரியோர் யாவர் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுக்கிறார். நூலாசிரியரின் ஆசிரியர், அவரோடு உடன் பயின்றவர், அவர்தம் மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர் என்போர் அவர். இவர்கள் பாயிரம் உரைத்தலை அவர் சிறப்பு என்றோ விருப்பம் என்றோ கூறாமல் கடன் என்கிறார். தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதால் பிறர் உரைக்க வேண்டியதாயிற்று. ஆயின் எவரும் உரைக்கலாம் என்று விடாமல், கற்றல் உறவால் பிணைந்தோர்க்கே அவ்வுரிமை தரப்பட்டுள்ளது. நூலாசிரியர் எங்ஙனம் கற்றார் என்பதை நேரில் அறிந்தவர் அவர்களே. நால்வருள் உரைகாரர் ஒருவர் நீங்கலாக ஏனையோர் ஒரு கல்விக்கூடத்தின் மூன்று தலைமுறையினர் என்பது நோக்கத்தக்கது.

இதனோடு நன்னூலின் மற்றொரு பட்டியலை ஒப்பிடுதல் பயன் தரும். நூல் கற்பிக்கத் தக்க மாணாக்கரை வகுக்குமிடத்துத் தன் மகன், ஆசிரியர் மகன், அரசன் மகன், வழிபடுவோன், சொல்வதை விரைந்து கொள்ளும் ஆற்றலுடையோன் ஆகியோருடன் பொருளை மிகுதியாகத் தருபவனையும் பவணந்தியார் சேர்க்கிறார். உலகியல் அறிந்த கூற்று அது. ஆயினும் பாயிரம் உரைப்போர் பட்டியலில் பொருள் தருபவனுக்கு அப்பெயரால் இடம் இல்லை. சாலைக்குள் நுழையப் பொருள் ஒரு வழியாகலாம். சாலையின் சார்பாகப் பேசுவதற்கு அது தகுதியாகாது. இன்றைய சங்கங்களின் மேடை வரிசை பெரும்பாலும் இதற்கு மாறாக அமைவதைக் கூட்ட அழைப்பிதழ்களே காட்டும்.

தொல்காப்பியத்துக்குப் பாயிரம் உரைத்த பனம்பாரனார் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்பது உரைமரபு. அந்நூல் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பாயிரம் கூறுகிறது. அகத்தியரின் மாணாக்கராக மரபு எண்ணும் பன்னிருவருள் அதங்கோட்டாசானும் ஒருவர். அகத்தியர் சினத்தால் அந்நூலைக் கேளாதே எனத் தடுக்கவும், அதங்கோட்டாசான் குற்றம் காணும் வினாக்களைத் தொடுக்க இசைந்து நூலைக் கேட்டார் என்றும், தொல்காப்பியர் அவற்றுக்கெல்லாம் விடை கூறினார் என்றும் நச்சினார்க்கினியர் வழி அறியப்படுகிறது. இச்செய்திகளை வரலாறாகக் கொள்ள இயலாது. எனினும் உடன் பயின்றோரிடம் புலமை உலகம் எதை எதிர்பார்த்தது என்பதற்கு இவை வலுவான சான்றுகள். ஒரு சாலை மாணாக்கர் நூலைத் தடை விடைகளாற் சோதிக்கிறார்; மற்றொருவர் அதனை உலகுக்கு அறிமுகம் செய்கிறார். பன்னிருவரும் கூடிப் பன்னிருபடலம் என்னும் நூலை இயற்றினர் என்னும் செய்தியையும் சேர்த்தால் சோதித்தல், அறிமுகம் செய்தல், கூட்டாக ஆக்குதல் என மூன்று பணிகள் கிடைக்கின்றன. மூன்றும் அறிவுப்பணிகள். நினைவுகூர்தல் என்பது இவற்றுள் தனிப்பணியாக இடம்பெறவே இல்லை.

4. கும்பகோணம், 1880

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) மறைந்தபோது அவர்தம் மாணாக்கர் பல ஊர்களில் பரவியிருந்தனர். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, இறுதிவரை உடனிருந்து பணிசெய்த சவேரிநாத பிள்ளை, நாகூர்க் குலாம்காதிறு நாவலர் எனச் சமய எல்லைகளைக் கடந்த வட்டம் அது. அவ்வட்டத்துக்குச் சங்கம் என்ற பெயரோ விதிமுறைகளோ இல்லை. ஆயினும் அது செயற்பட்டது.

பிள்ளையின் மூத்த மாணாக்கருள் ஒருவரான தியாகராச செட்டியார் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். உடல்நலக் குறைவால் அப்பணியினின்று விலக நேர்ந்தபோது, தம் இடத்துக்கு உரியவர் யார் என்னும் வினாவுக்கு அவர் தாமே விடை தேடினார். அப்போது திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் இருந்தவர் பிள்ளையின் இளைய மாணாக்கரான உ.வே. சாமிநாதையர். அவரை அனுப்பத் தேசிகர் தயங்கினார். மடத்தில் தங்கிப் பயிற்றிய இளம்புலவரை இழப்பது அவருக்கு எளிதன்று. செட்டியார் விடாது முயன்று இசைவு பெற்றார். கல்லூரி முதல்வர் கோபால ராவிடமும் பிற ஆசிரியர்களிடமும் அறிமுகம் செய்வித்தார். கல்லூரியார் ஐயரின் புலமையைச் சோதித்தறிந்த பின்னரே பணி தந்தனர். 1880 பிப்ரவரியில் ஐயர் கல்லூரியில் அமர்ந்தார்.

இந்நிகழ்வு ஐயர் வரலாற்றில் ஒரு திருப்பமாகப் பலராலும் எடுத்துரைக்கப்படுகிறது. முன்னாள் மாணாக்கர் தொடர்பு என்னும் நோக்கில் இதனை அணுகும்போது சில நுட்பங்கள் புலனாகின்றன. செட்டியார் தந்தது பரிந்துரை மட்டுமன்று. தம் பதவியையே தம் சாலையின் அடுத்த மாணாக்கருக்கு வழியாக்கித் தந்தார். அப்பரிந்துரைக்கு மதிப்பு இருந்தமைக்குக் காரணம் அவர் அக்கல்லூரியில் நெடுங்காலம் ஈட்டிய நம்பகமே. அவர் சொல்லோடு நில்லாமல் கல்லூரியும் தன் சோதனையை நடத்தியது. உடன்பயின்றமை ஒருவருக்கு வாயிலைத் திறந்துவிட்டது, தகுதியை அவர் தாமே மெய்ப்பித்தார். பரிந்துரைக்கும் சலுகைக்கும் இடையிலான இந்த எல்லை இன்றைய சங்கங்களும் காக்க வேண்டியதொன்று.

அதே 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்ததும், சீவகசிந்தாமணியை அறிவீரா என்று அவர் வினவியதும் யாவரும் அறிந்தவை. முதலியார் பிள்ளையின் மாணாக்கர் வட்டத்தைச் சேர்ந்தவரல்லர் என்பது இங்கு அடிக்கோடிடத்தக்கது. ஒருசாலை மாணாக்கர் தொடர்பு ஐயரைக் கும்பகோணத்துக்குக் கொணர்ந்தது. வட்டத்துக்கு வெளியே இருந்த ஒருவரின் வினா அவரைப் பழந்தமிழ் நூற்பதிப்பின்பால் திருப்பியது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. ஒரு வட்டம் தனக்குள்ளேயே உழன்றிருந்தால் அந்தாதிகளும் தலபுராணங்களும் மேலும் சில பெருகியிருக்கக்கூடும். உறுப்பினரைப் புறவுலகின் வினாக்கள் எட்டும் இடத்தில் நிறுத்துவதே நல்ல தொடர்பின் பயன்.

பிற்காலத்தில் ஐயர் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். செட்டியாரின் வரலாற்றையும் எழுதினார். பிள்ளை மறைந்து அரைநூற்றாண்டுக்கு மேற்பட்ட பின்பு அத்துணை விரிவான நூலை எழுத இயன்றமைக்கு ஐயரின் நினைவாற்றல் மட்டும் காரணமன்று. உடன்பயின்றோரிடம் கேட்டறிந்த செய்திகளும், திரட்டிப் பேணிய கடிதங்களும் செய்யுட்களும் அவருக்கு மூலங்களாயின. பிள்ளையின் மாணாக்கர் பெயர்கள் பலவற்றை இன்றும் அறிய முடிவது இதனாலேயே. சாலைக்குப் பதிவேடு இல்லாத குறையை மாணாக்கர் ஒருவர் தனித்து நின்று நிறைத்தார்.

5. வில்லியம்சு முதல் வட்டுக்கோட்டை வரை

மேலைநாட்டு முறையிலான முன்னாள் மாணவர் சங்கங்களுள் மிகப் பழையது எனக் கருதப்படுவது அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்து வில்லியம்சு கல்லூரியில் 1821இல் தோன்றியது. அதன் பிறப்புச் சூழல் கொண்டாட்டமன்று. அக்கல்லூரித் தலைவர் செபனையா சுவிஃப்டு மூர், கல்லூரி அவ்விடத்தில் நிலைக்காது என்று கருதி, மாணவர் சிலருடன் விலகி ஆம்கர்ஸ்டில் புதிய கல்லூரிக்குத் தலைமையேற்றார். எஞ்சிய கல்லூரி மூடப்படுமோ என்ற அச்சம் எழுந்தபோதுதான் அங்குப் பயின்று சென்றோர் ஒன்றுகூடினர். கல்லூரி பிழைக்க வேண்டும் என்னும் ஒரே வேலை அவர்களைப் பிணைத்தது.

இக்கல்லூரிக்கும் தமிழுலகுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1806இல் வில்லியம்சு மாணவர் சிலர் நடத்திய வைக்கோற்போர்ச் செபக்கூட்டத்தின் தொடர்ச்சியாக 1810இல் அமெரிக்க அயல்நாட்டு மிசன் சபை உருவாயிற்று. அச்சபையினர் 1816இல் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கி, 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவினர். தானியேல் பூவர் அதன் முதல் தலைவர். கணிதம், வானியல் முதலிய மேலைக் கலைகளோடு தமிழ் இலக்கண இலக்கியமும் அங்குக் கற்பிக்கப்பட்டன.

செமினரி 1855இல் மூடப்பட்டது. சபையின் செயலர் ரூபசு அண்டர்சன் அவ்வாண்டு யாழ்ப்பாணம் வந்து நிலையை ஆராய்ந்ததன் விளைவு அது. ஆங்கிலக் கல்வி பெற்றோர் சமயப்பணியை விடுத்து அரசுப் பணியையும் பிற தொழில்களையும் நாடுகின்றனர் என்பது மூடுவதற்குக் கூறப்பட்ட வாதங்களுள் தலையாயது. பயின்று சென்றோர் எங்கே சென்றனர் என்னும் அதே செய்தியை ஒரு நிறுவனம் பெருமையாகக் காட்டலாம். வட்டுக்கோட்டையில் அது நிறுவனத்துக்கு எதிரான சான்றாயிற்று. நிறுவனத்தின் நோக்கமும் மாணாக்கரின் வாழ்க்கையும் வேறுபட்டபோது எது தோல்வி, எது வெற்றி என்பதை நிறுவனத்தை நடத்தியோரே தீர்மானித்தனர். மாணாக்கர் தரப்பைக் கூறுவதற்கு அக்காலத்தில் அமைப்பு எதுவும் இல்லை.

அம்மாணாக்கர் செய்தனவற்றை இன்று திரும்பி நோக்கினால் அத்தீர்ப்பின் குறுகிய பார்வை விளங்கும். 1841இல் தொடங்கிய உதயதாரகை இதழின் ஆசிரியர்களாக அமைந்த கென்றி மார்ட்டின், சேத் பேய்சன் இருவரும் செமினரியில் உருவானவர்கள். பின்னர் அவ்விதழை நெடுங்காலம் நடத்திய ஆர்னல்டு சதாசிவம்பிள்ளையும் அங்குப் பயின்றவரே. அவர் 1886இல் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம் தமிழ்ப் புலவர் வரலாற்றுக்கு அடிப்படை நூல்களுள் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறிய சி.வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் வட்டுக்கோட்டை மாணாக்கர். செமினரி மூடப்பட்ட இரண்டாண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தது இது. தாமோதரம்பிள்ளை 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடும், 1881இல் வீரசோழியத்தையும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தளித்தார். கல்விச்சாலை இல்லாத காலத்தில் அதன் புகழை மாணாக்கரே சுமந்தனர்.

செமினரியின் இடத்தை நிரப்ப ஓர் உயர்கல்விக்கூடம் வேண்டும் என்ற கோரிக்கையும் ஓயவில்லை. பழைய மாணாக்கரும் உள்ளூர்க் கிறித்தவரும் மிசனரிமாரும் சேர்ந்து எடுத்த முயற்சியால் 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. ஏத்திங்சு அதன் முதல் அதிபரானார். ஆர்னல்டு சதாசிவம்பிள்ளை அங்குத் தமிழ் கற்பித்தார். வில்லியம்சில் கல்லூரி மூடாதிருக்க மாணாக்கர் கூடினர். வட்டுக்கோட்டையில் மூடியதற்கு ஈடாக ஒன்றை எழுப்ப முனைந்தனர். இரண்டிலும் நினைவுகளைப் பகிர்தல் பின்விளைவே. முடிக்க வேண்டிய வேலை ஒன்று முன்னே நின்றது.

6. வட்டத்துக்கு வெளியே நின்றோர்

மேற்கண்ட சான்றுகளை அப்படியே முன்மாதிரியாகக் கொள்ளுதல் இயலாது. பிள்ளையின் மாணாக்கர் வட்டம் சமயங்களைக் கடந்ததேயன்றிப் பெண்களையும் ஒடுக்கப்பட்ட சாதியினரையும் தன்னுள் கொள்ளவில்லை. வட்டுக்கோட்டைச் செமினரி ஆண்களுக்குரியது. இன்றைய தமிழ் வகுப்பறை அவ்வாறன்று. பெரும்பாலான கல்லூரிகளில் பெண்கள் மிகுதியாகவும், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் கணிசமாகவும் தமிழ் பயில்கின்றனர். அவர்களைத் தொடர்பில் வைத்திருப்பதில் தனித்த இடர்கள் உள்ளன.

திருமணத்துக்குப் பின் பெண்ணின் முதலெழுத்து தந்தை பெயரிலிருந்து கணவர் பெயருக்கு மாறுகிறது. முகவரியும் அலைபேசி எண்ணும் மாறுகின்றன. ஐந்தாண்டு கழித்துத் துறையின் பட்டியலைப் புரட்டுவோர்க்கு அவர் இல்லாதவராகிவிடுகிறார். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கோ வேறொரு தயக்கம். உரிய பணி கிடைக்கும்வரை ஆசிரியர் முன்னும் உடன்பயின்றோர் முன்னும் வர அவர் கூசுகிறார். சாதனையாளரைப் பாராட்டும் விழாவாகவே சங்கக் கூட்டங்கள் அமையும்போது அக்கூச்சம் உறுதிப்படுகிறது. துணை மிகத் தேவைப்படும் ஆண்டுகளிலேயே அவர் விலகி நிற்கிறார். தகுதித்தேர்வுக்கும் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுக்கும் படித்துக்கொண்டே கடையிலோ அச்சகத்திலோ வேலைபார்ப்பவருக்குப் பொன்னாடை மேடையால் என்ன பயன்? அதே தேர்வை முந்தைய ஆண்டு எழுதிய ஒருவரின் பாடக்குறிப்பே அவருக்கு உதவும்.

7. பதிவேடு

ஆதலின் முதற்பணி பதிவேடு. இது சலிப்பூட்டும் வேலை என்பதாலேயே பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. வாட்சப் குழு இருக்கையில் பதிவேடு எதற்கு என்னும் கேள்வி எழும். குழு ஓர் ஆசிரியரின் அலைபேசியில் வாழ்கிறது. அவர் பணிநிறைவு பெற்றாலோ எண்ணை மாற்றினாலோ அது சிதறுகிறது. அக்குழுவில் யார் எந்த ஆண்டு பயின்றார், எதை ஆய்வு செய்தார் என்பதைக் கண்டறிய வழியில்லை. காலை வணக்கப் படங்கள் பெருகி, செய்தி மறைந்து, உறுப்பினர் ஒலியை அணைத்துவைப்பதே வழக்கமான முடிவு.

துறையின் பதிவேடு நபரைச் சாராமல் துறையைச் சார்ந்திருக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் பெறவரும் நாளே பதிவுக்கு ஏற்ற நாள். மாணவர் தாமாகக் கல்லூரிக்கு வரும் இறுதி நாட்களுள் அது ஒன்று. அன்று பயின்ற ஆண்டு, ஊர், மாறாத் தொடர்புக்கு உரிய குடும்பத்தார் ஒருவரின் முகவரி, பெண்களாயின் பெயரும் முதலெழுத்தும் மாறினும் இணைத்தறிய உதவும் பதிவெண், பாடத்திட்டத்திற் செய்த ஆய்வுப் பணியின் தலைப்பு ஆகியன குறிக்கப்படின் பின்னர்த் தேடும் உழைப்பு வெகுவாகக் குறையும். 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைத் திரட்டும் நோக்கத்தைத் தெரிவித்து ஒப்புதல் பெறுதலை வலியுறுத்துகிறது. எதற்காகக் குறிக்கப்படுகிறது என்று சொல்லிக் கையொப்பம் பெறுதல் சட்டத்துக்கும் நாகரிகத்துக்கும் ஒக்கும். ஆண்டுக்கு ஒருவர் என வகுப்புச் சார்பாளரை அம்மாணாக்கரே தேர்ந்து, ஆண்டுதோறும் ஒருமுறை முகவரிகளைச் சரிபார்த்தல் போதுமானது. அதற்கு மேல் அமைப்பைப் பெருக்குதல் பதவிப்போட்டிக்கே இடந்தரும்.

8. கேட்கத்தக்கவை

பதிவேடு இருந்தும் கேட்பதற்கு ஒன்றும் இல்லையேல் அது பெயர்ப்பட்டியலாகவே எஞ்சும். பாயிர மரபு காட்டிய சோதித்தல், அறிமுகம் செய்தல், கூட்டாக ஆக்குதல் ஆகிய மூன்றுக்கும் இன்றும் இடமுண்டு.

தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் முன்னாள் மாணவர் ஒருவருக்கு இடம் உண்டு. உள்தர உறுதிப் பிரிவிலும் அவ்வாறே. அதங்கோட்டாசானின் இருக்கை என்று இவற்றைச் சொன்னால் மிகையாகாது. நடைமுறையிலோ அருகில் வாழ்பவரும் எளிதிற் கையொப்பமிடுபவரும் அவ்விருக்கைக்கு அழைக்கப்படுகின்றனர். பள்ளியில் பத்தாண்டு தமிழ் கற்பித்த ஒருவரோ, நாளிதழில் மெய்ப்பு நோக்கும் ஒருவரோ அங்கு அமர்ந்து, கற்பிக்கப்பட்ட இலக்கணத்துள் எது பயன்பட்டது, எது கற்பிக்கப்படாமையால் இடர்ப்பட நேர்ந்தது என்று கூறுவாராயின் பாடத்திட்டம் வேறாகும். அதற்குப் பாடத்திட்ட வரைவைக் கூட்டத்துக்கு இரு திங்கள் முன்னரேனும் அவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். கூட்ட நாளன்று தாளைக் கையில் தந்து கருத்துக் கேட்பது சோதனையாகாது.

அறிமுகம் செய்தல் என்பதற்கு எளிய வடிவம் உண்டு. மாணாக்கர் ஒருவர் நூல் வெளியிடும்போது அதன் மதிப்புரையை உடன்பயின்ற ஒருவர் துறையின் இதழில் எழுதலாம். புகழுரை எழுதும் ஆபத்து இதில் உண்டு என்பது உண்மையே. பாயிரம் புகழ்ச்சியாகத் தேய்ந்து சாற்றுகவியான வரலாறும் தமிழுக்கு உண்டு. நூலின் ஒரு குறையையேனும் சுட்டாத மதிப்புரையை ஏற்பதில்லை என்று இதழாசிரியர் ஒரு விதி வகுத்தால் அந்த ஆபத்து ஓரளவு தணியும்.

கூட்டாக ஆக்குதற்குரிய பணி ஒன்று காத்துக்கிடக்கிறது. 2022 நவம்பரில் வெளியான பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறைகளால் எம்.பில். பட்டம் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாகத் தமிழ்த்துறைகளில் எழுதப்பட்ட எம்.பில். ஆய்வேடுகள் துறை நூலகங்களின் அலமாரிகளில் உள்ளன. ஷோத்கங்கா தளம் முதன்மையாக முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கானது, எம்.பில். ஏடுகளுக்கு அத்தகைய பொது வைப்பகம் அமையவில்லை. தட்டச்சு மங்கியும் கட்டு அவிழ்ந்தும் கிடக்கும் அவற்றுள் ஓர் ஊரின் வழக்குச் சொற்கள், தாலாட்டுகள், ஒப்பாரிகள், கோயிற் சடங்குகள், தொழிற்பாடல்கள் எனக் கள ஆய்வில் திரட்டிய தரவுகள் மிகுதி. தரவு தந்த முதியோர் பலர் இன்று இல்லை. ஆய்வேட்டை எழுதியவரோ எங்கோ ஒரு பள்ளியில் பணியாற்றுகிறார்; அவர் வீட்டுப் பரணில் அப்போது பதிவுசெய்த ஒலிநாடாக்கள் இருக்கக்கூடும்.

அவ்வேடுகளை மின்வடிவில் வெளியிட எழுதியவரின் ஒப்புதல் வேண்டும். ஒலிநாடாவைக் கேட்டெழுத அவருடைய செவி வேண்டும். அவ்வட்டார வழக்கை அவரே அறிவார். பாடியவர் பெயர், ஊர், பதிவு செய்த நாள் ஆகியவற்றைச் சரிபார்க்க அவர் நினைவு வேண்டும். வேறெவரும் செய்ய இயலாத பணி இது. பொருள் தர இயலாமையால் கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்த அதே மாணாக்கரே இங்கு இன்றியமையாதவராகிறார். துறைத்தலைவர் அவருக்கு எழுதும் மடலில் ‘உங்கள் வருகையை எதிர்பார்க்கிறோம்’ என்னும் பொதுத்தொடருக்கு இடமில்லை. இந்த ஆண்டு, இந்தத் தலைப்பு, இந்தப் பக்கத்தில் தெளிவற்ற இந்தப் பாடல், இதனை நீங்களே தீர்க்க இயலும் என்று அம்மடல் பெயர்சுட்டிக் கேட்கும். வகுப்புச் சார்பாளர் வழியே அது அவரைச் சேரும். இன்று பயிலும் முதுகலை மாணவர் ஒருவர் அவருடன் அமர்ந்து நாடாவைக் கேட்டு எழுதுவார். தமக்கு முன் அதே சாலையில் பயின்ற ஒருவரை அம்மாணவர் சந்திக்கும் முதல் வாய்ப்பாகவும் அது பெரும்பாலும் அமையும்.